பவுடர் அக்கா தேடிப் பிடித்த இடது கை

இன்று நான் சந்தித்தது பவுடர் அக்காவை. பேரைக் கேட்டதும், யாரோ மேடை நாடகத்துக்கு மேக்கப் போடுகிறவர் என்றுதான் நானும் நினைத்தேன். இல்லை. கையால் செய்யும் சிகிச்சையை இணையத்தில் சொல்லிக்கொடுக்கும் பக்கங்களைத் தயாரிக்கிறவர் அவர். இறுகிப்போன தோளை எப்படி அசைத்துக் கொடுப்பது, படுத்த படுக்கையாக இருப்பவரை எப்படிப் புரட்டுவது, அறுவை சிகிச்சை முடிந்தவரின் முழங்காலை எந்த அளவுக்கு மடக்கலாம், இந்த மாதிரி. படிக்கிற பிள்ளைகளும் வேலைக்குப் புதிதாக வந்தவர்களும் நோயாளியின் கட்டிலுக்குப் போகும் முன் போனை எடுத்து ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்கள். அந்த ஒரு பார்வைக்காகத்தான் அக்காவின் மொத்த உழைப்பும்.

நான் அங்கே போனது வேறு காரியமாக. போனைப் பார்த்துக்கொண்டே மாடிப்படி இறங்கிக் கணுக்காலைப் பிசகிக்கொண்டேன். ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி பிரிவுக்கு நொண்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். நீளமான கூடம். ஒரு பக்கம் பிடித்து நடக்க இரண்டு கம்பிகள், இன்னொரு பக்கம் பச்சை மெத்தைகள், மூலையில் ஆளுயரத்துக்குக் காற்றடைத்த ரப்பர் பந்துகள். கப்பியில் கயிறு போட்டு ஒருவர் கையை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். ஏற்றும்போதெல்லாம் அது கீச் என்றது, எண்ணெய் பார்த்து வருஷக்கணக்காகியிருக்கும்.

என் காலுக்குக் கட்டுப் போட்டவரை அங்கே எல்லோரும் ‘கை அண்ணன்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். காரணம் கேட்டேன். அக்காவின் வீடியோக்களில் வருவதெல்லாம் இவருடைய கைதான். முகம் ஒன்றில்கூட வராது. "எங்கம்மா ஊர்ல எல்லாருக்கும் போனைக் காட்டுறாங்க தம்பி, என் பையன் நடிச்சதுன்னு. பாக்குறவங்க, பையன் எங்கேம்மான்னு கேக்குறாங்க" என்றார். சொல்லிக்கொண்டே என் பாதத்தைத் திருப்பியதில் எனக்கு உயிர் போய் வந்தது. கை நிஜமாகவே பெரிய கை.

அப்போதுதான் பின்னாலிருந்த சின்ன அறையின் கதவு திறந்து பவுடர் அக்கா எட்டிப் பார்த்தார். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். பார்த்த பார்வையில் நான் ஒரு ஆளாகத் தெரியவில்லை, சாமானாகத் தெரிந்திருப்பேன் போல.

"தம்பி, கொஞ்சம் பூசினாப்பல இருக்கீங்களே. அரை மணி நேரம் உக்காந்திருப்பீங்களா? எங்க பசங்க எல்லாம் குச்சி குச்சியா இருக்காங்க. யாரைப் பிடிச்சாலும் எலும்புதான் தெரியுது."

என் உடம்பைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டவர்கள் என் வாழ்க்கையில் வேறு யாருமில்லை. சரி என்றேன்.

அந்த அறையில் ஒரு காலத்தில் உடைந்த ஊன்றுகோல்களைப் போட்டுவைத்திருந்தார்களாம். இப்போது சுவரில் கறுப்புத் துணி. ஒரு கட்டில், ஒரு நாற்காலி. ஒரு காலுக்கு டேப் சுற்றிய முக்காலியில் கேமரா. மேஜையில் கணினி, அதன் பக்கத்தில் பெரிய டப்பாவில் முகத்துக்குப் போடுகிற பவுடர். எனக்கு ஒரு கறுப்புச் சட்டையைக் கொடுத்தார்கள். கட்டில் ஓரத்தில் உட்காரச் சொன்னார்கள். கை அண்ணன் உள்ளங்கையில் பவுடரைத் தடவிக்கொண்டு என் எதிரே வந்து, ஒரு கையை என் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "எந்திரிக்க வேண்டாம், முன்னால சாஞ்சா போதும்" என்றார் அக்கா. சாய்ந்தேன். அவ்வளவுதான். சட்டையைக் கழற்றி விரித்தால் என் வலது தோள்பட்டை எலும்பு இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கை அப்படியே பதிந்திருந்தது. விரல்கள் லேசாக, உள்ளங்கையின் அடிப்பகுதி மட்டும் பளீரென்று. எங்கே தொட்டார், எங்கே அழுத்தினார், எவ்வளவு அழுத்தினார், எல்லாம் தெரிந்தது. அக்கா அதைப் படம் எடுத்துக்கொண்டே, இதைக் கண்டுபிடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும் என்றார். இன்று மத்தியானம் ஒரு பரீட்சை இருக்கிறது, அதுவரை நேரம் இருக்கிறது என்று கதையைச் சொன்னார். அவர் விட்ட இடத்தில் எல்லாம் கை அண்ணன் ஒன்றுக்குப் பத்தாக எடுத்துக் கொடுத்தார்.

அக்காவும் முதலில் இதே கூடத்தில் பிசியோதெரபிஸ்டாக இருந்தவர்தான். நல்ல கை என்று பேரெடுத்தவர். கழுத்து வலிக்காரர்கள் அவரிடம்தான் போவேன் என்று வரிசையில் நிற்பார்களாம். ஆனால் வருஷக்கணக்காக மற்றவர்கள் முதுகில் கட்டைவிரலை ஊன்றி ஊன்றி, அவருடைய கட்டைவிரல் மூட்டுகள் தேய்ந்துவிட்டன. இந்த வேலையில் இருப்பவர்களுக்கு வருகிற நோவுதான் அது. கடைசியில் தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்கக்கூட மகளைக் கூப்பிட வேண்டியதாகிவிட்டது. மகள் திறந்து கொடுத்துவிட்டு, ஊர் வலியை எல்லாம் வாங்கி நீயே வச்சுக்கிட்டியாம்மா என்று கேட்டாளாம்.

பிரிவின் தலைவி பெரிய மேடம் இவரை வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. மாணவர்களுக்கு இணையத்தில் ஏதாவது தயாரித்துக் கொடுங்கள் என்று மேஜை ஒன்றைக் கொடுத்தார். முதல் பக்கத்தைப் பாடப்புத்தகத்தைப் பார்த்து அப்படியே எழுதியிருக்கிறார் அக்கா. ஒரு மாணவியிடம் காட்டினால் அவள் விரலால் தள்ளிக்கொண்டே போனாள், போனாள், முடிவே வரவில்லை. அக்கா அதை அன்றே தூக்கிப் போட்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறவளுக்குக் கட்டுரை எதற்கு? ஒரு பார்வை பார்த்தால் கை தெரிய வேண்டும், அவ்வளவுதானே. பிறகு கேமரா வந்தது, கை அண்ணனின் கை வந்தது, நூறு வார்த்தை இருந்த இடத்தில் நாலு வார்த்தை வந்தது. பக்கங்கள் பிடித்துப்போய் மற்ற ஊர்க் கல்லூரிகளும் எடுத்துப் பயன்படுத்த ஆரம்பித்தன. அக்காவுக்கும் தலை கொஞ்சம் நிமிர்ந்தது.

அந்த நேரத்தில்தான் கிரேன்காரர் வந்து சேர்ந்தார்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆள் நல்ல உயரம், அதற்கேற்ற பருமன். பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு மெதுவாக வரும், ஆனால் வருகிற பேச்சில் பாதி கிண்டல். அவர் மனைவி தையல்காரம்மா, வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைக்கிறவர். கணவரின் தோள் உயரத்துக்குத்தான் இருப்பார். இரண்டு பேர்தான் வீட்டில். மகன் தூரத்தில் வேலையில் இருக்கிறான். அப்பாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றக்கூட அம்மாவால் முடியாதே என்று கவலைப்பட்டு, முடியாதவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றில் இடம் பிடித்து வைத்திருந்தான். அவனையும் குற்றம் சொல்ல முடியாது. பெரிய மேடம் தையல்காரம்மாவிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார்: நீங்கள் தனியாக, அவருக்கு வலிக்காமல், கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் திரும்பக் கட்டிலுக்கும் மாற்றிக் காட்டினால் வீட்டுக்கு. இல்லையென்றால் இல்லம்.

கூடத்தில் கை அண்ணன் பக்கத்தில் நிற்கும்போது அந்தம்மா ஓரளவு செய்தார். வீட்டில் யார் நிற்பார்கள்? அதனால் அக்காவின் பக்கத்தைப் போனில் போட்டுக் கொடுத்து, பார்த்துப் பழகிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். அம்மாவும் தைத்துக்கொண்டே திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார். மனப்பாடம். அடுத்த நாள் வந்து, யாரும் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டு, தானே செய்து காட்டினார். பாதி எழுந்ததும் கிரேன்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். வலது தோளில் உயிர் போகிற வலி. பக்கவாதம் வந்த பக்கத்தில் தோள் மூட்டைப் பிடித்து வைக்கும் தசைகள் தளர்ந்து கிடக்கும்; அங்கே அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கினால் மூட்டு விலகப் பார்க்கும். தையல்காரம்மா அதைத்தான் செய்திருந்தார். பெரிய மேடம் கிரேன்காரரைத் திரும்ப உட்கார வைத்தார். இந்த நிலைமையில் வீட்டுக்கு அனுப்ப முடியாது என்றார்.

அந்தம்மா அழவில்லையாம். "வீடியோல இருந்த மாதிரிதாங்க பண்ணேன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்.

கூடத்தில் இருந்தவர்கள், பாவம், பதற்றத்தில் மறந்துவிட்டார் என்று நினைத்தார்கள். அக்கா மட்டும் கிரேன்காரரின் சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் போட்டிருந்தது கருநீலச் சட்டை. தையல்காரம்மா மெஷினிலிருந்து எழுந்து நேராக வந்திருந்தார், விரல்களில் துணியில் கோடு போடுகிற சாக்குக்கட்டித் தூள். அந்தத் தூள் சட்டையில் ஒட்டியிருந்தது. அக்குளுக்குக் கீழே நாலு விரல், தோளின் முன்பக்கம் ஒரு கட்டைவிரல். தெளிவாக.

அக்கா அப்படியே ஓடிப்போய்த் தன் வீடியோவைப் போட்டுப் பார்த்தார். ஆள் நகர்ந்து நாற்காலியில் உட்காருவது அழகாகத் தெரிய வேண்டும் என்று கேமராவை நாற்காலி இருக்கும் இடது பக்கம் வைத்திருந்தார்கள். கை அண்ணனின் வலது கை நோயாளியின் இடுப்பில் இருப்பது கண்ணாடி மாதிரி தெரிகிறது. இடது கை தோளுக்குப் பக்கமாகப் போகிறது, உடம்புக்குப் பின்னால் மறைகிறது. அப்புறம் காணோம். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ஒருவரைத் தூக்க வேண்டுமென்றால் நாமெல்லாம் எங்கே கை கொடுப்போம்? அக்குளில்தான். அந்தம்மா தப்பாகப் பார்க்கவில்லை. வீடியோவில் இல்லாததை எல்லாரும் நிரப்புகிற மாதிரியே அவரும் நிரப்பிக்கொண்டார். மூன்று கல்லூரிப் பிள்ளைகளைக் கூப்பிட்டு அதே வீடியோவைக் காட்டிச் செய்யச் சொன்னார் அக்கா. மூன்று பேரும் அக்குளில்தான் கை வைத்தார்கள்.

இந்த இடத்தில்தான் எனக்கு அக்கா மேல் பெரிய மரியாதை வந்தது. யாரும் கேட்கவில்லை. பக்கம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு அம்மாவின் கை தவறிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அக்கா அன்று சாயங்காலமே வீடியோவை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் பெரிய எழுத்தில் போட்டார்: ‘இங்கே இருந்த படத்தைப் பார்த்துச் செய்யாதீர்கள். அது தவறாகக் கற்றுக்கொடுத்தது. சரியானது வரும்வரை உங்கள் ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.’ கூடத்தில் சிலர் முணுமுணுத்தார்களாம், வெளியூர்க் கல்லூரிகள் என்ன நினைக்கும் என்று. பெரிய மேடம், நினைக்கட்டும் என்றார்.

சரி, கேமராவை அந்தப் பக்கம் மாற்றி வைத்து எடுத்தால் முடிந்தது என்றுதானே தோன்றுகிறது? எனக்கும் தோன்றியது, கேட்டேன். எடுத்துப் பார்த்தார்களாம். இப்போது கை தெரிகிறது, ஆனால் சும்மா முதுகுப் பக்கம் தோள்பட்டை எலும்பின் மேல் கிடக்கிற மாதிரி தெரிகிறது. பார்த்தவர்கள் சும்மா கையை வைத்தார்கள், ஆள் அசையவில்லை. அக்கா கை அண்ணனிடம், அந்த இடது கையால என்னதான் பண்றீங்க என்று கேட்டிருக்கிறார்.

"ஒண்ணும் பண்ணலையேக்கா. சும்மா வச்சிருக்கேன்."

இதைச் சொல்லும்போது கை அண்ணனே தலையில் அடித்துக்கொண்டார். அக்கா சும்மா விடவில்லை. கிரேன்காரரின் சட்டையில் பார்த்த சாக்குத் தூள் அவர் மண்டையில் சுற்றிக்கொண்டே இருந்தது. மறுநாள் ஒரு கறுப்புச் சட்டையும் சாக்குத் தூளும் கொண்டுவந்தார். தூள் வழுக்கியது. மாவு உதிர்ந்து கொட்டியது. மகளின் பவுடர் டப்பாவை எடுத்துவந்தார், ஒட்டியது. கை அண்ணனின் கையில் தடவி, செய்யச் சொன்னார். சட்டையை விரித்தால், ‘சும்மா’ வைத்த கையின் அடிப்பகுதி துணியில் அப்பிக்கொண்டிருந்தது. கை அண்ணன் தோள்பட்டையைத் தன் பக்கம் முன்னால் இழுத்துக்கொண்டிருந்தார். அந்த இழுப்பில்தான் ஆள் சாய்கிறார், சாய்ந்தால்தான் இடுப்பு தானாகக் கிளம்புகிறது. இத்தனை வருஷமாக ஆயிரம் பேரை எழுப்பியவருக்கு, தன் இடது கை என்ன செய்கிறது என்பது ஒரு கறுப்புச் சட்டையைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. பழகிய கை அப்படித்தானாம், யோசிக்காமலே செய்துவிடும். கேட்டால் சொல்லத் தெரியாது. அக்காவின் வேலையே அதைக் கேட்டு வாங்குவதுதான்.

"பொண்டாட்டி கேட்டாக்கூட இவ்வளவு உண்மை வராதுக்கா என் கையிலேர்ந்து" என்றார் கை அண்ணன். "அதான் உங்க வீட்டுக்கும் ஒரு பவுடர் டப்பா வாங்கிக் கொடுத்திருக்கேன்" என்றார் அக்கா, கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அதிலிருந்து பேர் பவுடர் அக்கா. பக்கத்தையும் தலைகீழாக மாற்றிவிட்டார். எனக்குக் காட்டினார். திறந்ததும் ஒரே கேள்வி: எந்தப் பக்கம் பலம் குறைவு, வலமா இடமா? தொட்டால் அந்தப் பக்கத்துக்கான படங்கள் மட்டும் வரும், மனசுக்குள் திருப்பிப் பார்க்கிற தொல்லை இல்லை. ஒரு திரையில் ஒரு கை, அவ்வளவுதான். கறுப்புச் சட்டையில் வெள்ளை அச்சு. அதற்குக் கீழே ஒரு வரி: ‘உள்ளங்கைக்குக் கனம் வர வேண்டும்.’ அடுத்ததில் கால். ‘அவர் மூக்கு முழங்காலைத் தாண்டும்வரை எழுப்பாதீர்கள்.’ இரண்டு கையும் ஆள் மேல் இருக்கும்போது யாரால் போனைத் தொட முடியும்? அதனால் கடைசிப் பகுதியைத் தொடவே வேண்டாம், கைக்கெட்டாத தூரத்தில் சாய்த்து வைத்தாலும் தெரிகிற அளவுக்குப் பெரிய படம், கூடவே அக்காவின் குரல் மெதுவாகச் சொல்லிக்கொண்டே வரும். அந்தக் குரலை வீட்டில் மகள் கேட்டுவிட்டு, என்னைத் திட்டும்போது மட்டும் இந்தக் குரல் எங்கே போகுது என்றாளாம்.

தையல்காரம்மாதான் முதலில் அதைப் பார்த்தவர். பார்த்ததும் அவர் கேட்டது ஒன்றுதான், பழக ஒரு கறுப்புச் சட்டை கிடைக்குமா? அக்கா கொடுக்க முன்வந்தார், அவரோ வேண்டாம் நானே தைத்துக்கொள்கிறேன் என்று பக்கத்து வீட்டுப் பெண்ணின் அளவுக்கு ஒன்று தைத்து, அவளுக்குப் போட்டுவிட்டு, தினமும் பவுடர் தடவிய கையோடு பழகினார். அச்சைப் படம் பிடித்து அக்காவுக்கு அனுப்புவார். முதலில் அனுப்பியதில் விரல்கள் எல்லாம் பளீர், உள்ளங்கை மங்கல். அக்கா பதில் அனுப்புவார், இன்னும் கீழே அம்மா, இன்னும் கீழே. போகப் போக வெள்ளை விரலிலிருந்து உள்ளங்கைக்கு இறங்கி வந்தது. அந்தப் படங்களை எனக்கு வரிசையாகத் தள்ளிக் காட்டினார் அக்கா. பெற்ற பிள்ளையின் போட்டோவைக் காட்டுகிற மாதிரி.

இன்று மத்தியானம்தான் பரீட்சை. நாளைக்குள் சொல்லாவிட்டால் இல்லத்தில் அந்த இடம் வேறு யாருக்காவது போய்விடும் என்று மகன் போன் செய்திருந்தான். இது சரியாக வரவில்லையென்றால் கிரேன்காரர் நேராக அங்கேதான்.

நான் வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவன். போகவில்லை. கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு கூடத்து மூலையில் உட்கார்ந்துவிட்டேன்.

கிரேன்காரரைக் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்திருந்தார்கள். நாற்காலி அவருடைய இடது பக்கம், பலமுள்ள பக்கம். பெரிய மேடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அக்காவைப் பேசவே கூடாது என்று சொல்லியிருந்தார்கள், அவர் சுவரோடு ஒட்டி நின்றார், பக்கத்தில் முக்காலியில் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. தையல்காரம்மா போனை ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்துவிட்டு, புடைத்த நரம்புகளோடு சின்னதாக இருந்த இரண்டு கைகளையும் ஒருமுறை தேய்த்துக்கொண்டார்.

"என்ன, லோடு ரெடியான்னு கேக்கலையா?" என்றார் கிரேன்காரர், வார்த்தை வார்த்தையாக.

"சும்மா இருங்க. சிரிப்பு காட்டினா கீழ போட்டுடுவேன்."

போனில் அக்காவின் குரல் ஆரம்பித்தது. அந்தம்மா கணவரின் பாதங்களைப் பின்னால் நகர்த்தினார். தன் முழங்காலை அவருடைய பலமில்லாத முழங்காலுக்கு முட்டுக் கொடுத்தார். வலது கை இடுப்புக்கு. இடது கை சுற்றிப் போனது, எங்கே போகிறது என்று கூடமே பார்த்தது. தோள்பட்டைக்குப் போனது. கிரேன்காரர் முன்னால் சாய்ந்தார், சாய்ந்தார், உட்கார்ந்த இடத்திலிருந்து இடுப்பு கொஞ்சம் கிளம்பியது.

அப்போது அந்தம்மா நிறுத்திவிட்டார்.

குரல் பாட்டுக்கு அடுத்ததைச் சொல்லிக்கொண்டு போனது. அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. கணவரை மெதுவாகத் திரும்பக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டார். கூடத்தில் கப்பிக்காரர்கூடக் கயிற்றை விட்டுவிட்டார். அக்காவின் முகத்தைப் பார்த்தேன். ரத்தமே இல்லை. முடிந்தது என்று எனக்கும் தோன்றியது.

பெரிய மேடம் கேட்டார். "ஏம்மா நிறுத்திட்டீங்க?"

"உள்ளங்கைக்குக் கனம் வரலைங்க. அவர் முன்னால வராம சைடுல போறார்." சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தார். கிரேன்காரரின் வலது பாதம் செருப்புக்குள் திரும்பிக் கிடந்தது, குதிகால் தரையில் இல்லை. யாருமே கவனிக்கவில்லை. அதை எடுத்து நேராக ஊன்றி வைத்தார். "ஏங்க, சொல்ல மாட்டீங்களா?"

"எனக்குத் தெரிஞ்சாத்தானே" என்றார் அவர். அந்தக் காலில் உணர்ச்சி குறைவு.

மறுபடி முதலிலிருந்து. இந்தத் தடவை போனைப் பார்க்கவே இல்லை. அது ஏற்கெனவே முடிந்து அமைதியாகிவிட்டது. கை சுற்றிப் போனது, அவர் சாய்ந்தார், மூக்கு முழங்காலைத் தாண்டியது, அந்தச் சின்ன உடம்பு லேசாகப் பின்னால் போக அந்தப் பெரிய உடம்பு கூடவே எழுந்து, திரும்பி, நாற்காலியில் உட்கார்ந்தது. தூக்கின மாதிரியே இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து ஏதோ பழகின காரியத்தைச் செய்த மாதிரி இருந்தது. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பக் கட்டிலுக்கும் மாற்றினார்.

பெரிய மேடம் கிரேன்காரரின் வலது தோளைத் தொட்டுப் பார்த்து, வலிக்கிறதா என்றார். இல்லை என்று தலையாட்டினார். நான் டன் கணக்கில் தூக்கினேன், இப்படி ஒரு தடவையும் பூ மாதிரி இறக்கினதில்லை என்று அவர் சொல்லி முடிக்கக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை.

"நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார் மேடம். "நீங்க மாத்தினதுக்காகச் சொல்லல. தப்புன்னு தெரிஞ்சதும் கீழ உக்கார வச்சீங்களே, அதுக்காகச் சொல்றேன். பக்கத்துல யாரும் இல்லாதப்ப அதுதான் வேணும்."

தையல்காரம்மா ஜன்னலிலிருந்து போனை எடுத்து மகனைக் கூப்பிட்டார். "அந்த இடம் வேண்டாம்னு சொல்லிடுப்பா. அப்பா வீட்டுக்கு வர்றார்." அந்தப் பக்கம் அவன் ஏதோ கேட்டிருக்க வேண்டும். "நான்தான் மாத்தினேன். தனியா. வந்தா காட்டுறேன்" என்றார். அந்தக் ‘காட்டுறேன்’ல இருந்த மிடுக்கை எழுத எனக்கு வார்த்தை வரவில்லை. நான் மூலையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன், கால் வலி என்று கை அண்ணன் நினைத்திருப்பார்.

அக்கா சுவரை விட்டு வந்து அந்தம்மாவின் இடது கையைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையின் அடிப்பகுதியைத் தன் தேய்ந்த கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தார். அவர் கையால் இனி யாரையும் எழுப்ப முடியாது. ஆனால் இவர் கையால் முடியும், வெளியூரில் இன்னும் யார் யார் கையாலோ முடியும். அவர் அப்படியெல்லாம் சொல்லவில்லை, நான்தான் சொல்கிறேன். அவர் கேட்டது வேறு: "அம்மா, இப்ப செஞ்சதை எடுத்திருக்கோம். நம்ம இணையப் பக்கத்துல போடட்டுமா? கை அண்ணன் வீடியோவுக்குப் பதிலா."

போடுங்கள் என்றவர், பாதம் திரும்பியிருந்த அந்த முதல் தடவையை மட்டும் வெட்டிவிடச் சொன்னார், பார்க்க அசிங்கமாக இருக்குமாம். அக்கா ஒத்துக்கொள்ளவே இல்லை. வெட்டினால் பக்கத்தையே மூடிவிடுவேன் என்றார். யாரும் வீடியோவில் காட்டாத இடம் அதுதான், நிறுத்துகிற இடம். தப்பு நடக்கும்போது கைக்கு எப்படித் தெரியும் என்று இதுவரை ஒரு பக்கத்திலும் இல்லை, இப்போது இருக்கும் என்றார். கடைசியில் கிரேன்காரர்தான் தீர்ப்புச் சொன்னார். "இருக்கட்டும்மா. நானும் நடிச்ச மாதிரி ஆச்சு. ஆனா எங்க முகம் வரணும்." கை அண்ணன் அதற்குப் பொறாமையில் வெந்துபோனார்.

நான் வீடு வந்து சேர்வதற்குள் அக்கா அதைப் போட்டுவிட்டார். இப்போதுதான் பார்த்தேன். அவர் சாய்கிறார், அந்தம்மா நிறுத்துகிறார், பாதத்தைப் பார்க்கிறார், ஊன்றி வைக்கிறார், மறுபடி ஆரம்பிக்கிறார். எதையும் வெட்டவில்லை. கீழே ஒரே வரி: ‘கனம் வரவில்லையென்றால் உட்கார வைத்துவிடுங்கள். அதுவும் சரியாகச் செய்ததுதான்.’

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பக்கவாதம் வந்து படுத்திருப்பவர் இருந்தால், அவரைத் தினமும் தனியாக எழுப்பி உட்கார வைக்கிறவர் ஒருவர் இருப்பார். அக்காவின் இந்தப் பக்கத்தை அவருக்கு அனுப்புங்கள். அனுப்பும்போது, முதல் தடவை மட்டும் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள் என்று அக்கா சொல்லச் சொன்னதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நம் ஊர்க்காரர்களாக இருந்தால் ஒரு நாள் அந்தக் கூடத்துப் பக்கம் போய்விட்டு வாருங்கள். இடுப்பு வலிக்காரர்களைப் பற்றிய பக்கம் பாதியில் நிற்கிறது, நல்ல பருமனான ஆட்கள் கிடைக்காமல் அக்கா தவித்துக்கொண்டிருக்கிறார்.